பணியிடமும் சமூக ஊடகமும்

பணி நேரத்தில் சமூக ஊடகத்தில் பொழுதைக் கழிப்போர் முதலாளியின் நேரத்தைத் திருடுகின்றனர் என்பர் பலர். ஆராயுமிடத்து, இது பாதி உண்மையே எனத் தெரிகிறது.

குளோரியா மார்க் என்பாரும் அவர்தம் துணைவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு கருதத்தக்கது. இடையிடையே குறுக்கிடப்பட்டோர் வேலையை விரைந்தே முடித்தனர், தரமும் குன்றவில்லை. ஆனால் மன அழுத்தமும் எரிச்சலும் மிகுந்தன. அவ்வாய்வு சமூக ஊடகத்தைப் பற்றியதன்று. எனினும், வாட்ஸ்அப் மணியோசையும் ஒரு குறுக்கீடே. எனவே, நேரக் கணக்கு ஒன்றையே பார்ப்போர்க்கு உண்மை இழப்பு புலப்படாது.

மேலும், திருட்டு ஒரு தரப்பினதன்று. வாட்ஸ்அப் குழுக்களின் வழியே அலுவலகமும் வீட்டினுள் நுழைந்துவிட்டது. இதனைத் தடுக்கப் பிரான்சில் 2017 முதல் சட்டமே உண்டு. சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, ஆசிரியர் தம் சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோர்க்குத் தரவேண்டியதில்லை என்றும், அவசரம் இருந்தாலன்றிப் பள்ளி நேரத்திற்குப்பின் பணிச் செய்திகளுக்கு விடையிறுக்க வேண்டியதில்லை என்றும் கூறிற்று. நல்ல தொடக்கமே. ஆயினும், வழிகாட்டி சட்டமாகாது. இரவில் செய்தி விடுப்போர் மனம் வைத்தாலன்றி அது ஏட்டளவில் நின்றுவிடும்.

வள்ளுவர் காலமறிதலைப் பொருட்பாலில், அரசியலின்கண் வைத்தார். அதனைப் பணியாளர்க்கு மட்டும் ஓதுவது நீதியன்று. ஏவுவோரும் கற்றல் வேண்டும்.