மட்டமான படத்தையும் காப்பாற்றுங்கள்

பழைய தமிழ்ப் படம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் என் கண் கதாநாயகன்மேல் நிலைப்பதில்லை. அவர் பாட்டுக்கு வசனம் பேசட்டும் என்று விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் போகிற வண்டியையும், கடை வாசலில் சும்மா நிற்கிற ஆளையும், அந்த ஆள் வேஷ்டியை மடித்துக் கட்டியிருக்கிற தினுசையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கதை எழுதுகிறவனுக்கு இது தொழில் புத்தி. 1948-ல் நடப்பதாக ஒரு கதை எழுத வேண்டுமென்றால், அந்த வருஷத்து அரசியல் சங்கதிகள் புஸ்தகங்களில் கிடைத்துவிடும். அந்த வருஷத்தில் ஒரு குமாஸ்தா ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி எங்கே மாட்டினான் என்பது புஸ்தகத்தில் கிடைக்காது. அது சினிமாவில் கிடைக்கும். அதைக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் எடுத்த சினிமாவில் இன்னும் நன்றாகக் கிடைக்கும்.

ஒரு தேசத்தின் சரித்திரத்தைப் பிலிமில் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தலைவர்களையும் விழாக்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். அவை வேண்டியவைதாம். ஏ. கே. செட்டியார் பல தேசங்கள் அலைந்து, யார் யாரோ எடுத்து வைத்திருந்த பிலிம் துண்டுகளைச் சேகரித்து, காந்திஜியைப் பற்றி 1940-ல் தமிழ் விளக்கவுரையுடன் ஒரு படம் வெளியிட்டார். ஒரு தனி மனிதர் இதைச் சாதித்தார் என்பது இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் படமே பிற்காலத்தில் நம் கையை விட்டுப் போயிற்று. 1953-ல் அமெரிக்காவில் வெளியான அதன் ஆங்கில வடிவத்தை, ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி அந்த நாட்டிலேதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மகாத்மாவின் படத்துக்கே இந்தக் கதி என்றால், சட்டையைக் கழற்றி மாட்டிய குமாஸ்தாவைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்?

இங்கிலாந்தில் நடந்த ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. 1994-ல் பிளாக்பர்ன் என்ற ஊரில் ஒரு பழைய கடையின் நிலவறையில் மூன்று உலோகப் பீப்பாய்கள் கிடைத்தன. உள்ளே சுமார் எண்ணூறு பிலிம் சுருள்கள். மிட்சல், கென்யன் என்ற இரண்டு கூட்டாளிகள் 1900-க்கும் 1913-க்கும் இடையில் எடுத்தவை. இவர்கள் கலைஞர்களும் அல்லர், சரித்திர ஆசிரியர்களும் அல்லர், சுத்த வியாபாரிகள். சந்தைகளில் கொட்டகை போட்டுப் படம் காட்டுகிறவர்களுக்காக, ஆலை விட்டதும் வெளியே வருகிற தொழிலாளர் கூட்டத்தைப் படம் பிடித்துக் கொடுப்பார்கள். தங்கள் முகத்தைத் திரையில் பார்க்கும் ஆசையில் அந்தத் தொழிலாளிகளே காசு கொடுத்து வருவார்கள். இதுதான் சூட்சுமம்.

அந்தப் படங்கள் செப்பனிடப்பட்டு, 2005-ல் பி.பி.ஸி. டெலிவிஷனில் தொடராகவே வந்தன. தோளிலும் தலையிலும் போர்வை சுற்றிய பெண்கள் வருகிறார்கள். பெரியவர்களோடு பெரியவர்களாகச் சின்னஞ்சிறு பிள்ளைகள் ஆலையிலிருந்து வெளியே வருகிறார்கள். ஒரு பையன் காமிராவைப் பார்த்துக் கேலி செய்கிறான். குழந்தைகளை ஆலை வேலைக்கு வைத்த காலத்தைப் பற்றி நூறு பக்கம் படிக்கலாம். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்த பிறகு படிப்பது வேறு. இத்தனையும் பிழைத்தது யாருடைய முன்யோசனையாலும் அல்ல. பீப்பாயை யாரும் திறக்காததால் பிழைத்தது.

அதே நாட்டில், முன்யோசனையுள்ள பெரிய ஸ்தாபனம் என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். 1960-களிலும் 70-களிலும் வீடியோ டேப் விலை அதிகம். அழித்துவிட்டுத் திரும்ப உபயோகிக்கலாம். ஆகவே பி.பி.ஸி. தன் நிகழ்ச்சிகளைத் தானே அழித்தது. 1969-ல் மனிதன் சந்திரனில் கால் வைத்தபோது அதன் ஸ்டூடியோவிலிருந்து நடத்திய ஒளிபரப்பில் பெரும்பகுதி இன்று இல்லை. சந்திரனின் படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து பிரிட்டிஷ் ஜனங்கள் என்ன பேசினார்கள் என்பது போய்விட்டது. ‘டாக்டர் ஹூ’ என்ற தொடரின் காணாமற்போன பகுதிகளில் சில, வெளிநாடுகளுக்கு விற்ற பிரதிகளாக ஹாங்காங்கிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் திரும்பி வந்தன. குழந்தைகள் பார்க்கிற விளையாட்டுத் தொடர், இதையெல்லாம் யார் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று அன்றைக்கு அறிவாளிகள் நினைத்ததில் வியப்பொன்றும் இல்லை.

நம் சங்கதி இதைவிட மோசம். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’ தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படம். அதன் ஒரு சுருள்கூட நம்மிடம் இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகக் கொண்டாடப்படும் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. அதுவும் இல்லை. அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட்டால் ஆனது. லேசில் தீப்பற்றும், சும்மா வைத்திருந்தாலும் மக்கிப் போகும். போதாததற்கு, ஓடி முடிந்த படத்தைக் கரைத்து அதிலுள்ள வெள்ளியை எடுத்து விற்கிற வழக்கமும் இருந்தது. 1964-ல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் ஏற்படுவதற்குள் போனது போக மிஞ்சியதே கொஞ்சம். அங்கேயும் 2003 ஜனவரியில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கு தீப்பிடித்தது.

அந்தக் காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயர், நல்ல படம் மட்டமான படம் என்று பாராமல் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்ற கட்சிக்காரர். விமர்சனம் எழுதுகிற பலருக்கு இது பிடிக்காது. குப்பைக்கு எதற்கு இரும்புப் பெட்டி என்பார்கள். நான் நாயரின் கட்சி. மட்டமான படத்தை மட்டம் என்று சொல்ல நான் தயங்குவதில்லை; ஐம்பது வருஷம் பழசாகிவிட்டதனால் அது உயர்ந்துவிடுவதும் இல்லை. ஆனால் விமர்சகன் தீர்ப்புச் சொல்வது கலைக்கு. காப்பகம் வைத்திருக்க வேண்டியது சாட்சியம். சாட்சி நல்லவனா கெட்டவனா என்று பார்த்தா கோர்ட்டில் கூப்பிடுகிறார்கள்? அட்டைச் சுவர் வைத்த ஏழைக் குடிசையும், அதில் பட்டுப்புடவை கட்டிய ஏழைப் பெண்ணும் பொய்தான். அந்தப் பொய்யைக் காசு கொடுத்துப் பார்க்க நம் தாத்தா பாட்டிகள் ஏன் ஆசைப்பட்டார்கள் என்பது மெய்.

தெரிந்தே மெய்யைப் பிடித்த படங்களும் உண்டு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ 1988-ல் வந்தது. வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஒரு பெண், தாத்தாவின் மனையில் சொந்த வீடு கட்டத் துணிகிறாள். கடன், லஞ்சம், சிமெண்ட் திருடும் காண்டிராக்டர். எல்லாம் தாண்டிவந்தால், அந்த நிலத்தைக் குடிநீர் இலாகா எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது என்கிறார்கள். சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்தத் தாத்தா, பாதி எழும்பிய வீட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற இடம் ஒன்று போதும். 1980-களின் சென்னை மத்தியதரக் குடும்பத்துக்கு வீடு என்பது என்னவாக இருந்தது என்று இதற்குமேல் எந்தச் சரித்திரக்காரரும் சொல்லிவிட முடியாது. தேசிய விருது பெற்ற அந்தப் படத்தின் நெகடிவ் அழிந்துபோயிற்று என்று அதை எடுத்தவரே தம் கடைசி வருஷங்களில் வேதனைப்பட்டார். அது ஒன்றும் 1931-ம் வருஷத்துப் படம் அல்ல. நம் கண் முன்னால் வந்த படம்.

எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்று சொல்கிறவர்கள் உண்டு. இருப்பது, யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு பழைய பிரதியிலிருந்து எடுத்துப் போட்ட மங்கலான நிழல். மூலம் போனபின் நிழலைச் செப்பனிட வழி இல்லை.

சர்க்கார் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். உங்கள் வீட்டுப் பரணில் 1980-களில் எடுத்த கல்யாண வீடியோ காஸெட் ஒன்று கிடக்கலாம். தாலி கட்டும் காட்சிக்காக எடுத்ததுதான். ஆனால் பந்தியில் பரிமாறுகிறவர் வாளியைப் பிடித்திருக்கும் விதமும், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளும், இன்று உயிரோடு இல்லாத பெரியப்பா யாரையோ அதட்டுகிற குரலும் அதில் இருக்கும். டேப்பில் பூஞ்சணம் பிடிக்கிறது. அதைப் போட்டுப் பார்க்கிற மெஷினும் அருகிக்கொண்டு வருகிறது. இந்த வருஷமே இறக்கிப் பிரதி எடுத்துவிடுங்கள்.