‘தானாக’ அமைந்ததா?

ராட்-காயில் பாலிமர்கள் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சொல் உறுத்தும்: ‘தன்னமைவு’. மூலக்கூறுகள் தாமே கூடி ஒழுங்கான வடிவம் எடுக்கும் என்று பொருள். எல்லா இடத்திலும் அது உண்மைதானா?

முதலில் அடிப்படையைப் பார்த்துடலாம். இந்த மூலக்கூறில் ஒரு பகுதி குச்சி மாதிரி விறைப்பு. இன்னொரு பகுதி நூல் மாதிரி துவளும். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது, வேதிப்பிணைப்பு இருப்பதால் விலகியும் போக முடியாது. அந்த இழுபறியில்தான் வடிவம் பிறக்கிறது.

1996இல் தாமஸ், ஓபர் குழுவினர் ‘சயின்ஸ்’ இதழில் காட்டிய படங்கள் இதற்கு நல்ல சான்று. பாலிஹெக்ஸைல் ஐசோசயனேட் குச்சி, பாலிஸ்டைரீன் நூல். குச்சிகள் சாய்ந்து அடுக்கடுக்காக நின்று, கோணல்மாணலான ‘ஜிக்ஜாக்’ வடிவம் கிடைத்தது. இங்கே வடிவம் குச்சியின் விறைப்பிலிருந்தே வருகிறது. ‘தன்னமைவு’ என்ற பெயர் தகும்.

1994இல் ஃபிரான்சுவா குழு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட தேன்கூட்டுப் படலம் வேறு கதை. அவர்கள் பயன்படுத்தியது நட்சத்திர வடிவப் பாலிஸ்டைரீனும், பாலிபாராஃபினிலீன் குச்சி கொண்ட ராட்-காயில் பாலிமரும். அந்தக் குச்சியைச் செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முதலில் துவளும் பாலிசைக்ளோஹெக்ஸாடையீன் சங்கிலியை வளர்த்து, பிறகு ஹைட்ரஜனை நீக்கி விறைப்பாக்கிட்டாங்க.

ஆனால் அந்த ஓட்டைகளைப் போட்டது யார்? கார்பன் டைசல்ஃபைடு ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்றிலுள்ள நீர் துளித்துளியாகப் படிந்து வரிசைகட்டுகிறது. துளி உலர்ந்த இடம் ஓட்டை. குளிர்ந்த பரப்பில் ஆவி இப்படிப் படிவதைப் பற்றி ரேலி 1911லேயே எழுதியிருக்கிறார். அளவைப் பார்த்தாலே புரியும்: மூலக்கூறு சில நானோமீட்டர், ஓட்டை மைக்ரோமீட்டர் கணக்கு. துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காப்பதுதான் பாலிமரின் வேலை. 2001இல் ஸ்ரீனிவாசராவ் குழு, முனையில் அமிலக்குழு உள்ள சாதாரண நேர்ச்சங்கிலிப் பாலிஸ்டைரீனிலேயே இத்தகைய ஓட்டைகளைக் கொண்டுவந்தது. குச்சியே தேவைப்படலை!

ஈரக்காற்று பற்றி 1994 கட்டுரையிலேயே இருக்கிறது. ஆனால் தலைப்பில் நின்றது ‘தன்னமைவு’ மட்டுமே. தலைப்பை மட்டும் நம்பி உலர்ந்த காற்றில் செய்துபார்க்கும் மாணவருக்குத் தேன்கூடு கிடைக்காது. தன் பாலிமரில்தான் கோளாறு என்று மறுபடி மறுபடி அதையே தயாரித்துக்கொண்டிருப்பார். அதனால் என் கோரிக்கை எளிது: அழகான படத்தைப் பார்த்ததும் அளவுகோலைப் பாருங்க, செய்முறையில் கரைப்பானும் ஈரப்பதமும் என்னன்னு தேடுங்க. அதுக்கப்புறம் ‘தானாக’ என்று சொல்லலாம்.