விளக்கடியில் ஒரு குரல்: ஐஸ்லாந்தின் குளிர்கால நாவல்கள்

டிசம்பர் பிற்பாதியில் ரெய்க்யவிக் நகரில் காலை பதினொன்றேகாலுக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும். பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் மறைந்துவிடும். மீதியுள்ள இருபது மணி நேர இருட்டை எப்படிக் கழிப்பது என்ற கேள்விக்கு ஐஸ்லாந்து மக்கள் பல நூறு ஆண்டுகளாக வைத்திருக்கும் விடை, வீட்டார் ஒன்றாக உட்கார்ந்து கதை கேட்பது. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டின் நாவல்களைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் தனிமை, வெறுமை, உறைபனி என்றே தொடங்குகிறார்கள். அது பாதி உண்மை. இந்த நாவல்களில் வரும் மனிதர்கள் தனியாகத்தான் பனிக்குள் போகிறார்கள். ஆனால் அவர்கள் கதை, நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் ஓர் அறைக்காகச் சொல்லப்படுகிறது. அந்த அறையை விட்டுவிட்டு ஐஸ்லாந்து நாவலைப் படித்தால் அதன் குரல் காதில் விழாது என்பது என் எண்ணம்.

அந்த அறைக்கு பாத்ஸ்தோவா என்று பெயர். பழைய பண்ணைவீடுகளின் சுவரும் கூரையும் புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் ஆனவை. மரம் அரிது, எரிக்க விறகு அதைவிட அரிது. அதனால் வீட்டுக்காரர், வேலையாட்கள், குழந்தைகள், முதியவர்கள் எல்லோரும் ஒரே அறையில், ஒருவர் உடற்சூட்டில் மற்றவர் குளிர் காய்ந்து வாழ்ந்தார்கள். சுவரோரமாக வரிசையாகக் கட்டில்கள். பகலில் உட்காரவும் இரவில் படுக்கவும் வேலை செய்யவும் அவைதான். இலையுதிர்காலம் முடிந்து பொழுது சுருங்கியதும் மீன் ஈரல் எண்ணெய் விளக்கை ஏற்றி மாலை விழிப்பைத் தொடங்குவார்கள். ஒருவர் கம்பளியைச் சிக்கெடுப்பார், ஒருவர் நூற்பார், மற்றவர்கள் பின்னுவார்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு மட்டும் அன்று கைவேலை கிடையாது. விளக்கடியில் உட்கார்ந்து சாகா எனப்படும் பழைய உரைநடைக் கதைகளை வாசிப்பதோ, ரீமுர் எனப்படும் நீண்ட கதைப்பாடல்களை இராகமிட்டுச் சொல்வதோதான் அவர் வேலை. தூக்கத்தை விரட்டவும் நூல் வேலை நடக்கவும் அந்தக் குரல் வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸுக்குள் கம்பளி வேலை முடிந்தாக வேண்டும். புதுத் துணி கிடைக்காதவர்களைப் பெரிய பூனையொன்று பிடித்துத் தின்னும் என்று பிள்ளைகளை மிரட்டும் கதை இன்றும் அங்கே வழங்குகிறது.

இந்தக் கதைகேட்பை அதிகாரம் விரும்பவில்லை. டென்மார்க் மன்னரின் ஆட்சியில் 1746-இல் வந்த வீட்டொழுக்க ஆணை, சாகாக்களும் ரீமுர் பாடல்களும் பயனற்றவை, பாதிரிமார் அவற்றைக் கண்டிக்க வேண்டும் என்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆணைக்குப் பின்னால் இருந்த சமயச் சீர்திருத்தம்தான் பிள்ளைகள் எல்லோரும் வாசிக்கக் கற்றாக வேண்டும் என்றும் வற்புறுத்தியது. பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் தாயோ பாட்டியோ வீட்டிலேயே எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வேதப் புத்தகத்தில் எழுத்துக் கூட்டிப் பழகியவர்கள் சாகாவைக் கையில் எடுத்தார்கள். 1850-இல் யோன் தோரோத்சன் எழுதிய 'பையனும் பெண்ணும்' ஐஸ்லாந்தின் முதல் நாவலாகக் கருதப்படுகிறது. கதை எளிய காதல் கதைதான். அதில் வரும் குரோவா என்ற வம்புக்காரியை மட்டும் நாடே மறக்கவில்லை. வம்பு பேசுபவரை இன்றும் அவள் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிப் பேச்சு இருந்ததால், வாசிப்பவர் குரலை மாற்றிப் படிக்க அந்த நாவல் நன்றாக இடம் கொடுத்திருக்கும்.

ஹல்தோர் லாக்ஸ்னஸ் இந்த மரபின் பேரன். 1955-இல் நோபல் விருந்தில் பேசியபோது, எழுத்துப் படிக்கும் முன்பே தனக்குப் பழம்பாடல்களைச் சொல்லித்தந்த பாட்டியை அவர் நினைவுகூர்ந்தார். 1934, 1935 ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வந்த 'சுதந்திர மனிதர்கள்' நாவலின் நாயகன் பியார்தூர் பதினெட்டு ஆண்டுகள் பிறரிடம் உழைத்துச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்கியவன். நிறைமாத மனைவி ரோசாவைத் தனியே விட்டுவிட்டு, காணாமல்போன ஓர் ஆட்டைத் தேடி மலைக்குப் போகிறான். பசியும் பயமும் தாங்காமல் அந்த ஆட்டை ரோசாவே அறுத்துவிட்டாள் என்பது வாசகருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பனிப்புயலில் மாட்டிக்கொண்ட பியார்தூர், உட்கார்ந்தால் செத்துவிடுவோம் என்று, மனப்பாடமாக இருக்கும் ரீமுர் அடிகளை உரக்கச் சொல்லிக்கொண்டே நடக்கிறான். கூடத்தில் கேட்ட பாட்டு வெட்டவெளியில் அவன் உயிரைக் காக்கிறது. வீட்டில் மனைவி பிரசவத்தில் இறந்துகிடக்க, பிறந்த குழந்தையின் மேல் படுத்து நாய் சூடு கொடுத்துக்கொண்டிருக்கிறது. பியார்தூரின் வீம்பை லாக்ஸ்னஸ் ஒரு கணம்கூடப் போற்றவில்லை. ஆனாலும் அந்த நடையை எழுதும்போது அவர் குரலில் ஓர் ஈரம் கசிகிறது.

பனியில் ஆடு தேடிப் போகும் இன்னொரு மனிதனின் கதையும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்தது. குன்னர் குன்னர்சன் டேனிஷ் மொழியில் எழுதிய 'அட்வெண்ட்' என்ற குறுநாவல் 1936-இல் முதலில் ஜெர்மனில் வெளியாயிற்று. 1925 டிசம்பரில் மலையில் ஆடு தேடித் திரிந்த ஓர் உண்மை மேய்ப்பரின் அனுபவம்தான் அதற்கு அடிப்படை. பெனடிக்ட் ஐம்பத்துநான்கு வயதுப் பண்ணையாள். இலையுதிர்காலத்தில் மந்தைகளை ஓட்டிவரும்போது விடுபட்ட ஆடுகளைத் தேடி, ஒவ்வோர் ஆண்டும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் மலை ஏறுகிறார். இது இருபத்தேழாவது தடவை. துணைக்கு லியோ என்ற நாயும் எய்தில் என்ற கிடாவும். அந்த ஆடுகளில் ஒன்றுகூட அவருடையதில்லை. போகும் வழியில் ஒவ்வொரு பண்ணைக்காரரும் தங்கள் ஆட்டையும் கொஞ்சம் பார்த்துத்தரச் சொல்லி அவரைத் தாமதப்படுத்துகிறார்கள். அவரும் மறுக்காமல் செய்கிறார். எடுத்துவந்த உணவு கரைகிறது, நாட்கள் போகின்றன, புயல் வருகிறது. நூறு பக்க அளவிலான கதை. இதில் வில்லன் இல்லை, காதல் இல்லை. ஒருவர் தம் கடமை என்று நினைத்ததைச் செய்து முடிக்கும் பொறுமை மட்டுமே இருக்கிறது.

கிழக்கு ஐஸ்லாந்தில் ஸ்க்ரிதுக்ளாய்ஸ்தூர் என்ற இடத்தில் குன்னர்சன் 1939-இல் கட்டிய வீடு இப்போது அவர் பெயரிலான பண்பாட்டு மையம். ஒவ்வொரு டிசம்பரிலும் அங்கே 'அட்வெண்ட்' வாய்விட்டு வாசிக்கப்படுகிறது. இந்த மார்கழியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதை எங்கள் வீட்டிலும் வாசித்தோம். ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து நான் தமிழில் சொல்ல, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். புயல் வீசும் அத்தியாயத்தில் நான் நிறுத்தியபோது, "அந்தக் கிடா பொழைச்சுதா இல்லையா, அதை மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். கைவேலையோடு கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார், எங்கே கவனம் நழுவும் என்பதை அந்த இரவுகளில்தான் நேரில் கண்டேன். நீள வருணனையில் அவர் கண் கீரையின்மேல் போகும்; விலங்குகள் வந்ததும் கை நின்றுவிடும். குன்னர்சன் விலங்குகளைச் சரியான இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்.

வானொலி வந்தபின் பாத்ஸ்தோவாவின் குரல் அதற்கு இடம்பெயர்ந்தது. தொடர்கதையாக நாவல்கள் ஒலிபரப்பில் வாசிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்து பரிசுப்பொருட்கள் அருகியபோது, காகிதம் மட்டும் ஓரளவு தாராளமாகக் கிடைத்தது. புத்தகம் கிறிஸ்துமஸ் பரிசானது அப்படித்தான். ஐஸ்லாந்து குடியரசான 1944-ஆம் ஆண்டிலேயே புதுப் புத்தகங்களின் பட்டியலை வீடுவீடாக அனுப்பும் வழக்கமும் பிறந்தது. நவம்பரில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாருக்கு எது என்று குடும்பம் கலந்துபேசும். டிசம்பர் 24 மாலை ஆறு மணிக்குத் தேவாலய மணி ஒலித்ததும் பண்டிகை தொடங்கும். சாப்பாடு, பரிசுகள், பிறகு படுக்கையில் புதுப் புத்தகம். இதைப் புத்தக வெள்ளம் என்கிறார்கள்.

வெள்ளத்தில் இன்று குற்றப் புனைவுக்கும் தனி இடம் உண்டு. அர்னால்தூர் இந்த்ரிதாசனின் புது நாவல் நவம்பர் 1 அன்று வெளியாவது வழக்கம். அவருடைய துப்பறிவாளர் எர்லெந்தூர், சிறுவயதில் பனிப்புயலில் தம்பியைத் தவறவிட்டவர். தம்பியின் உடல் கிடைக்கவே இல்லை. ஓய்வு நேரத்தில் அவர் படிப்பதெல்லாம் பனியில் தொலைந்தவர்களைப் பற்றிய பழைய வரலாறுகள். கொலைக்கதையின் அடியில் அந்தப் பழைய அறையின் அச்சம் ஓடுவதால் இவரை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. குற்றப் புனைவுக்கு வெளியே, 1883-இல் நடக்கும் ஷோனின் 'ஸ்குகா பால்தூர்' நாவல் ஒரு நரி வேட்டைக் கதை. செறிவானது, வாய்விட்டுப் படிக்க ஏற்றதல்ல.

யோன் கல்மன் ஸ்டெஃபான்சனின் 'சொர்க்கமும் நரகமும்' (2007) வேறு திசையில் போகிறது. மீனவ இளைஞன் பார்துர் மில்டனின் அடிகளை மனப்பாடம் செய்யும் மயக்கத்தில் எண்ணெய்த்தோல் சட்டையைக் கரையில் மறந்துவிட்டுக் கடலுக்குப் போகிறான், படகிலேயே விறைத்து இறக்கிறான். புத்தகத்தை இரவல் தந்தவர் பார்வையற்ற ஒரு கப்பல் தலைவர். அதைத் திருப்பிக்கொடுக்க நண்பன் பனியில் நடக்கிறான். பியார்தூரைப் பாட்டு காப்பாற்றியது, பார்துரைக் கவிதை கொன்றது. எழுபது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இந்த இரண்டையும் ஒரே மாதத்தில் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தது என் நற்பேறு.

புத்தக வெள்ளத்துக்குக் குறையும் உண்டு. ஆண்டின் பெரும்பாலான புத்தகங்கள் கடைசி மூன்று மாதங்களில் குவிவதால், அப்போது கண்ணில் படாத நல்ல நாவல் ஜனவரியில் மறக்கப்படும். எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது வேறு. வீட்டில் ஆளுக்கொரு புத்தகம் வந்தபின் ஒரே கதையை எல்லோரும் கேட்பது குறைந்துபோகிறது. தமிழிலும் இது நடந்தது. நாவல்களை ஒருவர் வாசிக்க வீட்டார் கேட்ட காலம் நமக்கும் இருந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

இந்த ஐஸ்லாந்து நாவல்களைக் குடும்பத்தோடு படிக்க நினைப்பவர்கள் 'அட்வெண்ட்' நாவலில் தொடங்கலாம். இரவுக்குக் கொஞ்சமாக வாசித்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், பிள்ளைகளும் கேட்கலாம். அடுத்தது கல்மன். லாக்ஸ்னஸைப் பெரியவர்கள் தனியே படிப்பது நல்லது. ரோசா ஆட்டை அறுக்கும் இரவை மட்டும் வீட்டில் யாருக்காவது உரக்க வாசித்துக்காட்டுங்கள்.