கண்ணிவெடியும் கன்னிவெடியும்

முதுகலை மாணவிகளுக்கு ‘இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு’ படத்தைத் திரையிட்டு, பெண்ணிய நோக்கில் ஒரு விமர்சனம் எழுதி வரச் சொன்னேன். வந்த இருபத்திரண்டு தாள்களில் ஒன்பதில் ‘கன்னிவெடி’ என்று இருந்தது. சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனேன். கண்ணி என்றால் வலை, பொறி. பறவைக்கு வைப்பது. காலுக்கு வைத்தால் கண்ணிவெடி. மூன்று சுழி ஒன்று குறைந்தால் பொறி பெண்ணாகிவிடுகிறது.

நாளிதழ்களிலும் இந்தப் பிழையைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணை உறுத்தாமல் அது கடந்துபோவதற்குக் காரணம் உண்டு. தொடக்கூடாதது, தொட்டால் அழிவு, எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாதது: கன்னியைப் பற்றி நம் சமூகம் சொல்லிவைத்திருப்பதும் இதுதானே. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ஜெர்மானியக் கப்பல் எம்டன், தமிழில் கெட்டிக்கார ஆணுக்குப் பட்டமாயிற்று. ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். குண்டு வீசிய கப்பல் ஆணுக்குப் புகழ். மண்ணுக்குள் கிடக்கும் வெடி மட்டும் எழுத்துப்பிழையாகப் பெண் மீது வந்து விழுகிறது.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது இதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. ஈழத்தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. “எங்க வீட்ல அதை மிதிவெடின்னுதான் சொல்லுவோம், மேம்” என்றாள். மிதிக்கிறவரின் பக்கம் நின்று வைத்த பெயர். கண்ணி என்ற சொல் வைத்தவரின் நோக்கத்தைச் சொல்கிறது, மிதிவெடி என்ற சொல் காலைச் சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் படத்தை மறுபடி பார்த்தேன்.

அதியன் ஆதிரை இயக்கி, பா. ரஞ்சித்தின் நீலம் புரொடக்‌ஷன்ஸ் தயாரித்து, 2019 டிசம்பரில் வெளிவந்த படம் இது. மாமல்லபுரம் கடற்கரையில் ஒதுங்கும் பழைய குண்டு ஒன்று பழைய இரும்புக் கடைக்குப் போய், செல்வம் ஓட்டும் லாரியில் ஏறுகிறது. யாரோ யாருக்கு எதிராகவோ செய்த குண்டு, அந்தப் போரோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு தொழிலாளியின் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆயுத வியாபாரத்தின் லாபம் மேலே போகிறது, அதன் எச்சம் கீழே இறங்குகிறது, இறங்கும் பாதை சாதிப் படிக்கட்டின் பாதைதான் என்று இத்தனை தெளிவாகச் சொன்ன தமிழ்ப்படம் வேறொன்று எனக்கு நினைவில்லை. அந்த வகையில் இது நம் வகுப்பறைகளுக்கு வேண்டிய படம்.

ஆனால் படம் பெண்களை எங்கே நிறுத்துகிறது? செல்வத்தைக் காதலிக்கும் சித்ராவின் மீது குடும்பத்தின் சாதிப் பெருமை முழுவதும் ஏற்றப்பட்டிருக்கிறது. தான்யாவின் மீது உண்மையை வெளிக்கொண்டுவரும் பொறுப்பு. ஒருத்தி மீட்கப்பட வேண்டியவள், இன்னொருத்தி எச்சரிக்க வேண்டியவள். இருவருமே முக்கியமானவர்கள்தாம். என்றாலும் இரும்பு உலகம் படத்தில் ஆண்களின் உலகமாகவே இருக்கிறது. லாரி, சம்மட்டி, கடை முதலாளி, காவல்துறை. பழைய இரும்பால் பிழைக்கும் பெண் யாரும் கதையின் நடுவுக்கு வருவதில்லை.

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. இது வார்ப்படங்களின் ஊர். பம்புசெட்டுக்கும் மோட்டாருக்கும் வேண்டிய உறுப்புகளை வார்க்கும் பவுண்டரிகள் பீளமேட்டிலிருந்து புறநகர் வரை இருக்கின்றன. அவற்றின் உலைக்குத் தீனி பழைய இரும்பு. அந்த இரும்பின் முதல் கை பெரும்பாலும் தெருவில் பொறுக்கும் பெண்ணின் கை. பிறகு கடையில் குந்தவைத்து, தகரம் வேறு, செம்பு வேறு, பித்தளை வேறு எனப் பிரிக்கும் கையும் பெண்ணுடையதே. எங்கள் தெரு முனைக் கடையில் அப்படிப் பிரிக்கும் ஓர் அக்காவிடம், எதைப் பார்த்து நல்ல சரக்கு என்று கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். “கனமா இருந்தா நல்ல சரக்குங்க அம்மிணி. அதுல செம்பு கிம்பு இருந்தா இன்னும் யோகம்” என்றார்.

எனக்கு அடிவயிறு கலங்கியது. பீரங்கிக் குண்டு கனமாகத்தான் இருக்கும். அதன் இடுப்பில் செம்புப் பட்டை இருக்கும். பிழைப்பு எதைக் கை நீட்டி எடுக்கச் சொல்கிறதோ, அதுவே கொல்லும். வெளியோடு துருப்பிடித்துப் பொரிந்துபோனதால் உள்ளே செத்துவிட்டது என்று நினைப்பது தவறு. டிஎன்டி போன்ற வெடிமருந்துகள் பல பத்தாண்டுகள் கெடாமல் கிடக்கும். கெடுவது பெரும்பாலும் அதைத் தூண்டும் நுட்பமான பொறிதான். அதனால்தான் பழைய குண்டு புதியதைவிடக் கணிக்க முடியாதது. அசைப்பது, தட்டிப் பார்ப்பது, வெயிலில் காய வைப்பது, செம்புக்காக வெட்டுவது எல்லாமே ஆபத்து. தொடாமல், வந்த வழியே விலகி, மற்றவர்களையும் விலக்கி, காவல்துறைக்குச் சொல்வது ஒன்றே வழி.

இதெல்லாம் திரைக்கதை இல்லை. 2004 செப்டம்பர் இறுதியில், டெல்லியை ஒட்டிய சாகிபாபாத்தில், இறக்குமதியான பழைய இரும்போடு வந்த குண்டுகள் உருக்காலையில் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகே இறக்குமதி இரும்புக்கான சோதனை விதிகள் இறுகின. 2020 பிப்ரவரியில் செங்கல்பட்டு மாவட்டம் மானாமதியில் கோயில் குளத்தைத் தூர்வாரியபோது கிடைத்த வெடிபொருள் வெடித்து உயிர்ப்பலி நேர்ந்தது. கொங்கு நாட்டுக்குப் போர் வரவில்லை என்று நாம் நிம்மதியாகச் சொல்லிக்கொள்கிறோம். உலக நாடுகள் உடைத்துப் போட்ட இரும்பு சந்தைக்கு வரும்போது போரும் சில்லறையாக வந்து சேர்கிறது.

அந்த மாணவி பிறகொரு நாள் தன் சித்தியைப் பற்றிச் சொன்னாள். முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலை. 2009 மே மாதம் போர் முடிந்தபின், வட இலங்கையில் இந்த வேலைக்கு ஏராளமான பெண்கள் வந்தார்கள். கணவனை இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவியர், வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம் தாங்களே ஆனவர்கள். கனத்த காப்பு அங்கியும் முகக் கவசமும் அணிந்து, மண்ணில் முழங்காலிட்டு, நீளக் கைப்பிடி கொண்ட வாரியால் மெல்ல மெல்ல மண்ணைச் சுரண்டி எடுக்கிறார்கள். விரைவு அங்கே குற்றம். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. இந்தியா இன்னும் சேரவில்லை.

இந்தப் பெண்களைத் ‘துணிச்சல்காரிகள்’ என்று எழுதிவிடுவது எளிது. மாணவியோ வேறு மாதிரி சொன்னாள்: “சித்திக்கு அது துணிச்சல் இல்ல மேம், சம்பளம். முழங்கால் வலின்னுதான் போன்ல சொல்லும்.” ஆண்கள் புதைத்ததைப் பெண்கள் தோண்டி எடுக்கிறார்கள் என்ற வாக்கியமும் எனக்கு உடனே தோன்றியது. அதையும் எழுதக்கூடாது. பெண்களும் அந்தப் போரில் ஆயுதம் ஏந்தினார்கள். உண்மையைவிட அழகாக இருக்கும் வாக்கியங்கள் விமர்சனத்துக்கு உதவாது.

அப்படி ஒரு வாக்கியம் என் பெயரிலேயே இருக்கிறது. என் முதல் தொகுப்பில், மனைவியின் மௌனத்தை முற்றத்தில் புதைந்த கண்ணிவெடியோடு ஒப்பிட்ட கவிதை ஒன்று உண்டு. மேடைகளில் கைதட்டல் வாங்கிய கவிதை. பெண்ணின் கோபத்துக்கு வலிமை கொடுத்ததாக நம்பினேன். இப்போது படித்தால், கவிதை முழுக்க அந்த வீட்டு ஆணின் பயத்திலிருந்து பேசுகிறது. எங்கே காலை வைப்பது என்று அவன்தான் பார்க்கிறான். அவள் ஆபத்தான பொருளாக மண்ணுக்குள் கிடக்கிறாள். ஒன்பது மாணவிகளின் எழுத்துப்பிழையை நான் மூன்று சுழியைச் சரியாகப் போட்டே செய்திருக்கிறேன்.

உருவகம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் கவிதையில் குண்டு, போர், முள்வேலி எல்லாம் பெண்ணுடலுக்கு ஒப்புமையாகத் தாராளமாக வருகின்றன. வரும்போது ஒன்றைக் கேட்போம்: இந்தச் சொல்லை அன்றாடம் கையில் தொடும் பெண் இதைப் படித்தால் தன்னை எங்கே காண்பாள்? வெடியாகவா, வெடியை எடுப்பவளாகவா? படத்திடம் நான் கேட்ட கேள்வியும் இதுதான். என் கவிதை அதற்கு இன்னும் மோசமான பதிலையே தருகிறது.

அடுத்த பதிப்பில் அந்தக் கவிதையை நீக்கவில்லை. அதை வகுப்புக்கு எடுத்துப் போனேன். பெண்ணிய நோக்கில் விமர்சனம் எழுதி வரச் சொன்னேன். கடுமையாகவே எழுதினார்கள். எல்லாத் தாள்களிலும் கண்ணிக்கு மூன்று சுழி இருந்தது. ஒரு தாளில் மட்டும் அந்தச் சொல்லே இல்லை. தலைப்பிலிருந்து கடைசி வரி வரை ‘மிதிவெடி’ என்றே எழுதியிருந்தாள்.