ஒயின் ஜாடி கழுவும் சரக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்

கிறிஸ்துமஸுக்குத் திராட்சை ஒயின் போடும் வீடுகளில் அக்டோபர் பிறந்ததும் பேச்செல்லாம் பழத்தையும் சர்க்கரையையும் சுற்றித்தான். பட்டை எத்தனை, கிராம்பு எத்தனை, கோதுமை போடலாமா கூடாதா என்று அத்தையும் சித்தியும் மல்லுக்கட்டுவார்கள். ஜாடியை எதைக் கொண்டு கழுவுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பினாங்கின் பாகான் டாலாம் மாதிரி கடலோரப் புழுக்கத்தில், பகலில் சமையலறையே 30 டிகிரியைத் தாண்டும் அடுக்குமாடி வீட்டில், ஒயின் காடியாகிப் போனால் பழத்தின் மேல் பழி போடுவது சுலபம். ஜாடியின் கழுத்தையும் குழாயின் உள்பக்கத்தையும் விரல் விட்டுப் பார்த்தால் உண்மைக் குற்றவாளி வழவழவென்று கையில் ஒட்டும்.

அதனால் இந்த மாதம் ஆன்லைன் கடைகளில் கிடைக்கும் கழுவும் சரக்குகளைச் சோதித்துப் பார்த்தோம். சோதனைக்கு எடுத்தவை ஒரு கண்ணாடி ஜாடி, அடியில் திருகுக் குழாய் வைத்த ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒயினை மாற்றும் சிலிக்கான் குழாய், ஏர்லாக். முதலிலேயே சொல்லிவிடலாம்: அழுக்கு எடுப்பது ஒரு வேலை, கிருமி நீக்குவது வேறு வேலை. ஒரே புட்டியில் இரண்டும் முடியும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்பாதீர்கள். அழுக்குப் படலத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் கிருமியை எந்த மருந்தும் தொடாது.

அழுக்குக்கு சோடியம் பெர்கார்பனேட். வெள்ளைத் தூள். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சலவைச் சோடாவுமாகப் பிரிகிறது. நொதிக்கும்போது பொங்கிய நுரை ஜாடியின் தோள்பட்டையில் ஊதா வளையமாகக் காய்ந்து கிடக்குமே, பிரஷ் விட்டுத் தேய்த்தாலும் நகராத அந்த வளையம், அதுதான் இதற்குச் சரியான பரீட்சை. வெந்நீரில் தூளைக் கரைத்து ஜாடியின் வாய்வரை நிரப்பி இரவு விட்டுவிட்டால், காலையில் வளையம் தோல் தோலாக உரிந்து மிதக்கிறது. பிரஷ்ஷுக்கு வேலையே இல்லை. ஆனால் கொதிக்கும் நீரை அப்படியே கண்ணாடியில் ஊற்றினால் விரிசல் விழும். கை பொறுக்கும் சூடு போதும். பிறகு நன்றாக அலசவேண்டும். விரலில் சோப்புப் போல வழுக்கும்வரை காரம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம். துணிக்கறை நீக்கும் தூள்களிலும் இதே சரக்கு இருக்கிறது, ஆனால் கூடவே வாசனையும் சேர்த்திருப்பார்கள். பிளாஸ்டிக் வாளி அந்த வாசனையை விடவே விடாது. வாசனையில்லாத தனித்தூளையே வாங்குங்கள்.

கிருமி நீக்க, அமெரிக்காவின் ஃபைவ் ஸ்டார் நிறுவனத்தின் ஸ்டார் சான். பாஸ்போரிக் அமிலமும் நுரைக்கும் இன்னொரு அமிலமும் சேர்ந்த திரவம். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, அதாவது லிட்டருக்கு ஒன்றரை மில்லிக்குச் சற்று மேல். ஈரம் ஒன்றிரண்டு நிமிடம் பட்டால் போதும், அலசவேண்டியதில்லை. விலை கையைக் கடிக்கும். ஆனால் ஸ்ப்ரே புட்டியில் ஒரு லிட்டர் கலந்து வைத்து, ஜாடியின் உள்ளே நாலு தடவை அடித்து உருட்டினால் வேலை முடிந்தது. சின்னப் புட்டி ஒன்று ரொம்ப நாளைக்கு வரும்.

எங்கள் பக்கத்துக்கு இதன் மதிப்பு 'அலசவேண்டாம்' என்ற அந்த ஒரு குணத்தில்தான் இருக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்து வால்வை மாற்றப் பினாங்கில் நாலு நாள் தண்ணீர் வெட்டு. வாளியும் தொட்டியும் நிரப்பி வைத்தவர்களுக்கு ஜாடியை மூன்று முறை அலசுவது என்றால் என்னவென்று தெரியும். தவிர, கிருமி போக்கிய ஜாடியை மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசும்போது அந்தத் தண்ணீரையும் நம்பித்தானே ஆகவேண்டும்.

நுரை பயமுறுத்தும். ஜாடியைக் கவிழ்த்தாலும் பாதி நுரை உள்ளேயே நிற்கும். அதன் மேலேயே சாற்றை ஊற்றலாம், சொன்ன அளவில் கலந்திருந்தால் சுவையில் ஒன்றும் தெரியவில்லை. அமிலத்தன்மை குறைந்துவிட்டால்தான் மருந்து செத்துவிடும். பிஎச் 3-க்குக் கீழ் இருக்கவேண்டும். சோதனைத் தாள் ஒரு கட்டு வாங்கி வையுங்கள். பெர்கார்பனேட்டைச் சரியாக அலசாமல் இதை ஊற்றினால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீண். பழைய வீடுகளின் மொசைக் தரையில் சிந்தினால் பளிங்குத் துண்டுகள் மங்கிப்போகும், ஸிங்க்கிலேயே கலக்குங்கள். பூஞ்சண வித்துகளையும் துடைத்தெடுத்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இது முக்கியமாகப் பாக்டீரியாவுக்கு எமன்.

நம்மவர்கள் இதே காரியத்தைத் தலைகீழாகச் செய்தவர்கள். பாளை சீவிக் கட்டும் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது. ஒயினுக்கோ நமக்கு ஈஸ்ட் வேண்டும், மற்றது வேண்டாம். அதனால்தான் சாற்றோடு ஒத்துப்போகும் அமிலப் பக்கம் சாயவேண்டியிருக்கிறது.

பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைப் பழைய கைகள் விடமாட்டார்கள். மலிவு, ஒயினிலேயே சேர்ப்பதுதான். ஆனால் கரைசலிலிருந்து கிளம்பும் கந்தக நெடி சின்ன சமையலறையில் தொண்டையை அடைக்கிறது. ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். நம் ஈரக் காற்றில் பொட்டலம் திறந்து கிடந்தால் கட்டிதட்டி வீரியமும் இறங்கிவிடும். ஜாடிக்கு இது வேண்டாம், ஒயினுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

குளோரின் பிளீச்சைத் தவிர்த்துவிடுங்கள். எஃகுப் பாத்திரத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். குளோரின் மிச்சமும் பூஞ்சணமும் சேர்ந்தால் உண்டாகும் டிசிஏ என்ற பொருள் லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே ஒயின் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். ஸ்டார் சானோ வினிகரோ பிளீச்சோடு கலந்தால் நச்சு வாயு வரும், பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

சின்னச் சாமான்களுக்குப் புது இயந்திரம் எதுவும் வேண்டாம். குழந்தைப் பால்புட்டிக்கு வாங்கிய நீராவி ஸ்டெரிலைசர் பரணில் கிடந்தால் இறக்குங்கள். ரப்பர் அடைப்பானும் அளவுக் கரண்டியும் அதில் நன்றாக வேகின்றன. பிளாஸ்டிக் ஏர்லாக்கைப் போடாதீர்கள், வளைந்துவிடும். அதற்கு ஸ்ப்ரேயே போதும்.

தராசில் வைத்தால் பெர்கார்பனேட்டும் ஸ்டார் சானும் ஜோடியாக வாங்கவேண்டியவை. ஒன்றுக்குத்தான் காசு என்றால் பெர்கார்பனேட்டை வாங்குங்கள். இதெல்லாம் வீட்டு மேசைக்குப் போடும் ஒயினுக்கான பேச்சு. லைசென்ஸ் இல்லாமல் விற்க இறங்கினால் சுங்கத்துறை வாசலுக்கு வரும். எதை வாங்கினாலும், வாளியின் திருகுக் குழாயை ஒவ்வொரு முறையும் முழுக்கக் கழற்றி, ரப்பர் வளையத்தை எடுத்து, மரையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். உள்ளே கீறல் விழுந்த வாளியை அரிசி போட்டுவைக்கக் கொடுத்துவிட்டு, ஒயினுக்குப் புதிது வாங்குங்கள்.