'மிஸ் எவர்ஸ்' பாய்ஸ்': பழி யார் தலையில்?

'மிஸ் எவர்ஸ்' பாய்ஸ்' 1997 பெப்ரவரியில் ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் திரைப்படம். டேவிட் ஃபெல்ட்சூவின் நாடகத்தைத் தழுவி ஜோசப் சார்ஜன்ட் இயக்கியது. எமி விருதும் வாங்கியது. தாதி எவர்ஸாக வரும் அல்ஃப்ரே உட்வர்ட் அழும்போது நமக்கும் தொண்டை அடைக்கிறது. என்னுடைய பிரச்சினையே அங்கேதான் தொடங்குகிறது.

நடந்தது இதுதான். 1932இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை, அலபாமாவின் மேக்கன் கவுண்டியில் சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களைத் தெரிவு செய்தது. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத 201 பேர். பெரும்பாலும் ஏழைக் குத்தகை விவசாயிகள். மருந்தில்லாமல் விட்டால் நோய் உடம்பை எப்படித் தின்னும் என்று பார்ப்பதே நோக்கம். 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் தாராளமாகக் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. 1972 வரை, 40 வருடம்!

நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆகவே என் கண் சொற்களில்தான் போய் விழுகிறது. நோயின் பெயரை அவர்களுக்குச் சொல்லவில்லை. 'கெட்ட இரத்தம்' என்றார்கள். அந்த ஊரில் களைப்பு, சோகை எல்லாவற்றுக்கும் சனங்கள் சொல்லும் பேர் அது. முள்ளந்தண்டில் ஊசி ஏற்றி நீர் எடுப்பதை விசேட இலவச சிகிச்சை என்று கடிதம் எழுதிக் கூப்பிட்டார்கள். இறந்த பின் உடலை அறுத்துப் பார்க்கச் சம்மதித்தால் அடக்கச் செலவுக்கு 50 டொலர் வரை. பொய்யென்று ஒரே அடியாகச் சொல்லவும் ஏலாத பொய்கள்.

படம் இதையெல்லாம் தொடத்தான் செய்கிறது. ஆனால் கதையை செனட் விசாரணையில் வைத்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தாதியை உட்கார்த்துகிறது. எவர்ஸுக்கு மூலமான யூனிஸ் ரிவர்ஸ் செனட் முன் சாட்சியம் சொன்னதேயில்லை. இந்த மாற்றம் சின்னதல்ல. 'இவள் துரோகியா, தாயா?' என்று நாம் அல்லாடிக்கொண்டிருக்க, திட்டம் போட்ட திணைக்களம் பின்னால் மங்கிப்போகிறது.

உண்மையான ரிவர்ஸ் இதைவிடச் சிக்கலானவர். 1953இல் இந்த ஆய்வு பற்றி வெளிவந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. 1958இல் அரசு விருதும் கொடுத்தது. பெருமையோடு வேலை செய்த அந்தப் பெண் படத்தில் இல்லை. இன்னொன்று: இதை இரகசியப் பரிசோதனை என்பது தவறு. 1936 முதலே மருத்துவ சஞ்சிகைகளில் அறிக்கைகள் வந்தன. டொக்டர்மார் வாசித்தார்கள், பக்கத்தைப் புரட்டினார்கள். உள்ளிருந்து பீட்டர் பக்ஸ்டன் ஆட்சேபித்தும் பலனில்லை. கடைசியில் 1972இல் ஜீன் ஹெல்லர் என்ற செய்தியாளர் எழுதிய பிறகுதான் நின்றது.

தலைப்பைப் பாருங்கள். நாம் 'பொடியன்மார்' என்றால் அதில் பாசம் உண்டு. அமெரிக்கத் தெற்கிலோ வளர்ந்த கறுப்பு ஆணை 'பாய்' என்பது அவனைச் சிறுமைப்படுத்தும் வழக்கம். படத்தில் அது ஓர் ஆட்டக் குழுவின் பெயர். உழுது பிழைத்தவர்களை ஆட்டக்காரர்களாக்கியதை அவர்களின் சட்டத்தரணி ஃப்ரெட் கிரே கண்டித்தார்.

படம் வந்து மூன்று மாதத்தில், மே 16 அன்று, ஜனாதிபதி கிளின்டன் வெள்ளை மாளிகையில் மன்னிப்புக் கேட்டார். உயிரோடிருந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். 94 வயதான ஹேர்மன் ஷோ எழுந்து பேசினார். அந்த ஒளிப்பதிவு கிடைக்கிறது. உயர்தர வகுப்புக்கு இந்தப் படத்தைப் போட்டுக்காட்ட நினைக்கும் ஆசிரியர்கள், முதலில் அதைக் காட்டட்டும்.