நடையில் இருக்கிறது அழகு

குளுவாங் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு நாய் என்றால் காவல்தான். லயத்து வாசலில் படுத்திருக்கும். ராத்திரி ஆள் வந்தால் குரைக்கும். மிச்சச் சோற்றைத் தின்னும். அதை மடியில் தூக்கி வைத்துச் சீவிவிடுவார்கள் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். இன்று தாமான் வீடுகளின் இரும்பு கேட்டுக்குப் பின்னால், வாலைச் சுருட்டி முதுகில் போட்டுக்கொண்டு நிற்கிறது ஷீ சூ என்ற சின்ன நாய். “பொம்மை மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

முகத்தைப் பாருங்கள். மூக்குத்தண்டின் மேல் முளைக்கும் முடி கீழே படியாமல் மேல்நோக்கி நாலாபுறமும் விரிகிறது. சாமந்தி முகம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். கண்கள் பெரியவை, வட்டமானவை, ஒன்றையொன்று விட்டுத் தள்ளி அமைந்தவை. கீழ்த்தாடை சற்று முன்னால் வருவது இந்த இனத்துக்குக் குறையல்ல, இலக்கணம்.

முகத்தைவிட எனக்குப் பெரிது நடை. தலை நிமிர்ந்திருக்கும். முன்கால் தாராளமாக நீளும், பின்கால் உந்தித் தள்ளும், முதுகு மட்டும் ஆடாது. பழைய பீக்கிங் ரசிகர்கள் இந்த நடையைப் பொன்மீன் நீந்துவதோடு ஒப்பிட்டார்கள். நல்ல ஷீ சூ ஒன்று ஐந்தடியில் வாசலைக் கடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது மிகையாகத் தோன்றாது.

திபெத்திய நாய்களின் வழியில் வந்து, சீன அரண்மனையில் உருவேறிய இனம் இது. பேரரசி சிக்சி 1908இல் இறந்த பிறகு அரண்மனை வளர்ப்பு சிதறிப்போனது. 1930இல் பிரவுன்ரிக் சீமாட்டி என்ற ஆங்கிலப் பெண்மணி பீக்கிங்கில் தமக்குக் கிடைத்த ஹிபூ, ஷூ-ஸா என்ற இரண்டு நாய்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1933இல் செல்டன்ஹாம் கண்காட்சியில் லாசா அப்சோ என்ற திபெத்திய நாய்களுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோதுதான் இரண்டும் வேறு வேறு இனம் என்பது பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஆண்டே ஷீ சூ என்ற பெயரில் தனிச் சங்கம் அமைந்தது. 1969இல் அமெரிக்கக் கென்னல் கிளப் இதைச் சிறுநாய்ப் பிரிவில் சேர்த்துக்கொண்டது. இன்று உலகில் உள்ள ஷீ சூக்களின் வம்சாவளி வெறும் 14 நாய்களில் போய் முடிகிறது. அவற்றிலும் ஒன்று, 1952இல் கலக்கப்பட்ட பெக்கினீஸ் என்ற வேறு இன நாய். இத்தனை மெல்லிய இழையில் தப்பிப் பிழைத்த இனத்தை அலட்சியமாக வளர்க்க எனக்கு மனம் வராது.

குளிர் தேசத்துக்கு ஏற்ற இரட்டை அடுக்கு முடி, தட்டையான மூக்கு. குளுவாங் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் இந்த இரண்டும் ஒத்துவராது. நாய் உடல் சூட்டைத் தணிப்பது மூச்சிரைத்துத்தான். குட்டை மூக்குக்கு அது பெரும்பாடு. ஆகவே உலாத்தல் விடிகாலையிலும் வெயில் சாய்ந்த பிறகும் மட்டுமே. நடுப்பகலில் காற்றாடியோ ஏர்கோனோ வேண்டும். கழுத்துப்பட்டையில் பிடித்து இழுக்காமல் மார்பைச் சுற்றிய வாரில் கட்டி நடத்துங்கள். காட்டோரம், புல்வெளி என்று போய்வந்தால் விரல் இடுக்கிலும் காது மடிப்பிலும் உண்ணி பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் இந்த ஊரில் நாய்களைக் கொல்கிற நோய்.

முடிதான் பெரிய வேலை. ஒரு குரூமிங் கடையில் அக்கா ஒருவர் சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். உலர்ந்த முடியில் அவர் சீப்பை வைக்கவே இல்லை. முதலில் லேசாக நீர் தெளித்தார். வயிற்றோரம் தொடங்கி, விரலால் வகிடு எடுத்து, அடுக்கடுக்காகத் தோல்வரை சீவிக்கொண்டே மேலே வந்தார். அக்குளில் சீப்பு சிக்கியது. இழுக்கவில்லை. சிக்குக்குக் கீழே முடியின் வேரை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். நாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மேல்முடியை மட்டும் தடவிவிட்டு ‘சீவியாச்சு’ என்பவர்கள் வீட்டில் உள்ளே கம்பளம் போலச் சிக்கு பிடித்திருக்கும். ஒரு வயதை ஒட்டிக் குட்டிமுடி போய்ப் பெரியமுடி வரும் மாதங்களில் தினமும் சீவியே ஆக வேண்டும். குளிப்பாட்டினால் வேர்வரை உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் இந்தப் புழுக்கத்தில் தோல் புண்ணாகிவிடும்.

தரையைத் தொடும் முடி கண்காட்சி மேடைக்கு அழகு. நம் ஊர் வீட்டுக்கு உடம்பு முடியைக் கட்டையாக வெட்டி, முகத்துச் சாமந்தியை மட்டும் விட்டுவைப்பதே சரி. அப்போதுதான் அந்த நடையும் கண்ணுக்குத் தெரியும். கண்ணைத் தினமும் துடையுங்கள். சிவந்தாலோ சுருக்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். திராட்சை, சாக்லெட், வெங்காயம் சேர்ந்த குழம்பு எதுவும் கிண்ணத்துக்குப் போகக் கூடாது.

குட்டி வாங்கப் போகிறீர்களா? தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். குட்டியின் மூக்குத்துளைகள் நன்றாகத் திறந்திருக்கின்றனவா, மூச்சில் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். வளர்ந்த ஷீ சூ 4 முதல் 7 கிலோ இருக்க வேண்டும். ‘டீகப்’, ‘இம்பீரியல்’ என்று தனி வகை எதுவும் கிடையாது. நோஞ்சான் குட்டிக்குக் கூடுதல் வெள்ளி கேட்பதற்கான பெயர்கள் அவை. அப்படிச் சொல்லி விற்கும் இடத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுங்கள்.